இரு கடலுக்கு இடையே ஓர் ஊற்று

கரிசல் மண்ணில் வளர்ந்தவர்க்குக் கடல் என்றும் ஒரு வியப்பே. 1901-ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீந்தாராக விளங்கிய பாலவனத்தமே எனது ஊர். வானம் பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் வாழ்வும் வறளும்.

ஆனித் திங்களில் ஒரு நாள், துணையின்றித் தனியே தனுஷ்கோடிக்குப் புறப்பட்டேன். ஆடி, தை அமாவாசை நாள்களில் அங்கே அடியார் கூட்டம் அலைமோதும். நான் சென்றதோ கூட்டமில்லாக் காலம். விடியுமுன் அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறி, திருச்சுழி, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரம் சேர்ந்தேன். அங்கிருந்து, 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலை வழியே அரிச்சல்முனையை அடைந்தேன்.

அப்பப்பா! என்ன காற்று! தென்மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று, மணலை வாரி முகத்தில் இறைத்தது. வலப்புறம் மன்னார் வளைகுடா பொங்கிச் சீறியது. இடப்புறம் பாக் நீரிணை குளம்போல் அடங்கிக் கிடந்தது. முன்னதை ஆண்கடல் என்றும், பின்னதைப் பெண்கடல் என்றும் மீனவர் அழைப்பர். வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போதோ, அடங்கிய கடல் சீறும். சீறிய கடல் அடங்கும்.

திரும்பும் வழியில் பழைய ஊரின் இடிபாடுகளைக் கண்டேன். 1914 முதல் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. சென்னையில் புகைவண்டி ஏறியவர் இவ்வழியே கொழும்புவரை செல்லலாம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயல் ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியையும் அலைகள் விழுங்கின. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூரையிழந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

அருகே ஒரு மூதாட்டி மணலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் நீர் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வாங்கிப் பருகினேன். இருபுறமும் உப்புக் கடல், நடுவே நன்னீர்!

"அம்மா, இன்னும் ஆழமாகத் தோண்டினால் விரைவில் நிறையுமே?" என்றேன்.

அவர் நகைத்தார். "ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், தம்பி. ஊறும்வரை பொறுத்து, ஊறியதை மட்டும் அள்ள வேண்டும்" என்றார்.

அச்சொல்லில் அறிவியல் உண்மை அடங்கியிருந்தது. கடல்நீர், நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு எடை மிகுந்தது. ஆதலின், மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. பேராசையால் மிகுதியாக இறைத்தால் உப்புநீர் மேலெழுந்து நன்னீரைக் கெடுத்துவிடும்.

இரவில் ஊர் திரும்புகையில் எங்கள் வயல்களை நினைத்தேன். ஒரு கிணறு வற்றினால் அதனினும் ஆழமாக மற்றொன்றைத் துளைக்கிறோம். கண்மாய்க்கு நீர் கொணரும் வரத்துக்கால்களையோ தூர்ந்துபோக விடுகிறோம். யாவற்றையும் கடலிடம் இழந்த மக்கள், மழை தந்த நீரைச் சிரட்டையால் அளந்து காக்கின்றனர். கண்மாயை உடைய நாம் அளவறியாது இருத்தல் தகுமோ? மறுநாட் காலையில், மண்வெட்டியுடன் எங்கள் வரத்துக்காலை நோக்கி நடந்தேன்.