பயிர்ச் சேதமும் துப்பாக்கி லைசென்ஸும்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் பச்சைமலை அடிவாரத்துத் துறையூர்ப் பக்கத்திலும், மணப்பாறை, துவரங்குறிச்சி முதலிய புன்செய்ப் பகுதிகளிலும் நிலக்கடலை முற்றும் தறுவாயில் காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கி வயலைக் கிளறிவிடுகின்றன. ஸ்ரீரங்கத் தீவின் நெல் வயல்களில் எலியே பெரிய சத்துரு. அதற்குத் துப்பாக்கி உதவாது. பன்றியால் நஷ்டமடைந்தோரில் சிலர், அந்நிய தேசங்களில் வழங்கும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள், அதாவது ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் ரைபிள், தங்களுக்கும் கிடைக்குமா என விசாரிக்கின்றனர்.

கிடைக்காது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016இல் ஏற்பட்ட விதிகள் இவ்வகை ரைபிளை முதல் வகுப்பில் வைத்துள்ளன. அவ்வகுப்புக்கு லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் ஜில்லா கலெக்டருக்கு இல்லை. அது மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் 1996ஆம் வருஷத்துக்குப் பின் இவ்விஷயத்தில் கட்டுப்பாடு மிகுந்துவிட்டது.

எனினும் சட்டம் குடியானவரை அடியோடு கைவிடவில்லை. அதன் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கென வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடங்கொடுக்கிறது. அது போதாதென்று அதிகாரிக்குத் திருப்தியானால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வழுவழுப்பான வேறு துப்பாக்கிக்கும் தரலாம். மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணையும் உண்டு. 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். லைசென்ஸின்றி நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கோ இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசம்.

இங்கே பலர் இடறும் விஷயம் ஒன்றுண்டு. லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான்; பிராணியைச் சுடுவதற்கன்று. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றியைச் சுடுவதற்குத் தனி உத்தரவு வேண்டும். முதல் அட்டவணையிலுள்ள மயிலைப் பயிர்ச் சேதத்துக்காகச் சுட எவருக்கும் உத்தரவு கிடையாது. மீறினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. முறையான லைசென்ஸுள்ள நிலச்சுவான்தாரும் இவ்வழியில் கைதியாகலாம்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுபவர் வனத்துறையாரே, குடியானவரல்லர். கிராம நிர்வாக அதிகாரி, ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் அடங்கிய குழு முறையீட்டைப் பரிசீலிக்கும்.

ஆகவே கிராம அதிகாரியின் குறிப்பே இதில் பிரதானம். சேதம் கண்ட காலையிலேயே, உழுது சீர்செய்வதற்கு முன், சர்வே நம்பர், பயிரும் அதன் வயதும், அழிந்த பரப்பு, குளம்படி, காட்டெல்லையின் தூரம் ஆகியவற்றைப் படத்துடன் பதிவு செய்தல் அவசியம். தூரம் உத்தேசமாக எழுதப்பட்டால் மனு திரும்பும். இதற்கிடையே பொறுமையிழந்து அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரே மின்சாரம் பாய்ச்சுவதும் பன்றியைவிட அண்டை வயல்காரனையும் மேய்ச்சல் மாட்டையுமே கொல்லக்கூடியவை.