ஒரு பெயர் பலர்க்குரியதாயின் தலைப்பிடுமாறு

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் தம் மைந்தர்க்குத் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார் என்பதைப் பெரியபுராணம் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் அறிவர். அப்பர் சுவாமிகள் அம்மனைக்கு எழுந்தருளிய அன்று அப்பெயருடையார் மூவர் ஓரிடத்து இருந்தனர். ஆயினும் வாழைக்குருத்து அரியச் சென்று அரவு தீண்டப்பெற்றவர் யாவர் என்பதில் கற்பார்க்கு மயக்கம் நிகழ்வதில்லை. மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என அடை புணர்த்து வழங்கினமையே அதற்குக் காரணமாம். ஒரு சிறிய அடைமொழி செய்யும் உதவி இத்துணைப் பெரிது.

கலைக்களஞ்சியத்திற் கட்டுரைகளுக்குத் தலைப்பிடுவோர்க்கும் இவ்வுதவியே வேண்டப்படுகின்றது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் அபிதானகோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதானசிந்தாமணி 1910இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதலாகத் தொகுதி தொகுதியாக வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கிற்று. பின்னதில் எழுதும் உரிமை ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உண்டு. ஆதலின் தலைப்பிடும் முறையை வகுப்பிற் கற்பித்தல் தக்கதென்று கருதி இதனை எழுதுகின்றோம்.

சப்பிரகமுவத் தோட்டங்களில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இம்மயக்கம் புதியதன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தினால் ஒரு லயத்திலே இராமசாமி இருவரும், ஒரு வகுப்பிலே இலட்சுமி மூவரும் இருத்தல் இயல்பு. இரத்தினபுரியின் தேயிலை மலையிலும் கேகாலையின் இறப்பர்க் காட்டிலும் எம்மவர் பெரிய இராமசாமி, சின்ன இராமசாமி என்றும், மேற்பிரிவு இராமசாமி, பால்வெட்டும் இராமசாமி என்றும் பிரித்தழைத்தனர். வாய்மொழியில் இருந்த இத்தெளிவு செக்றோலிலும் பாடசாலை இடாப்பிலும் எப்போதும் ஏறியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னும், 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னும், ஒருவர் இன்னார் என்று காட்டும் தாள்களையே நம்பித் தோட்டமக்கள் நிற்க நேர்ந்தது. ஒருவர் பெயரை மற்றொருவர் பெயரோடு மயக்குதல் சிறு பிழையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஏட்டிலே ஒருவரை அவராகவே நிறுத்துதல் அவர்க்குச் செய்யும் நீதியாம். இனி முறைகளைக் கூறுவாம்.

முதலாவது, மயக்கமில்லாவிடத்து அடை வேண்டா. ஆறுமுக நாவலர் (1822–1879) என்ற அளவிலே யாவரும் அறிவர். அதனோடு ஊரும் தொழிலும் சேர்த்தல் மிகையாம். ஆனால் நாவலர் என்று மாத்திரம் தலைப்பிடுதல் பொருந்தாது. ந. மு. வேங்கடசாமி நாட்டாரும் சோமசுந்தர பாரதியாரும் அப்பட்டம் பெற்றவரன்றோ? பட்டம் பெருமையைக் காட்டும். ஆளைப் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது, மயக்கமுள்ளவிடத்துப் பெயரோடு இயல்பாக வழங்கும் முதலெழுத்தை முதலிற் கொள்க. மட்டுவிலைச் சேர்ந்த சைவ அறிஞர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) ஒருவர். இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரும் நாடகாசிரியருமாகிய க. கணபதிப்பிள்ளை (1903–1968) வேறொருவர். இருவரும் ஒரு காலத்தவர், இருவரும் தமிழறிஞர். ஆதலின் கணபதிப்பிள்ளை (தமிழறிஞர்) என்பது இருவர்க்கும் பொதுவாய் ஒழியும். சி., க. என்னும் ஓரெழுத்தே இங்கே போதியது. பண்டிதமணி என்னும் பட்டமோ மகிபாலன்பட்டி மு. கதிரேசச் செட்டியார்க்கும் உரியது.

மூன்றாவது, முதலெழுத்தும் ஒன்றாயின் வழக்குப்பெயரை நாடுக. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் (1901–1977) மகனும் ஜீ. ஜீ. பொன்னம்பலமே. நல்வினையாக மகனார் (1938–2000) குமார் பொன்னம்பலம் என்று அறியப்பட்டார். அவ்வழக்கே அவர்க்குத் தலைப்பாகும். வழக்குப்பெயரும் இல்லாதவிடத்தே பிறந்த ஆண்டைச் சேர்க்கலாம்.

நான்காவது, அடைமொழி ஒருவர்க்கே உரியதாயிருத்தல் வேண்டும். குமாரசுவாமி என்னும் பெயரை நோக்குக. முத்து குமாரசுவாமி (1834–1879) சட்டநிரூபண சபையில் இருந்தவர். அவர் மருகரும் இராமநாதன், அருணாசலம் என்போரின் தமையனாருமாகிய பொன்னம்பலம் குமாரசுவாமியும் (1849–1906) அச்சபையில் இருந்தவர். ஆகவே சபை உறுப்பினர் என்னும் அடை இவ்விருவரையும் பிரிக்காது. தந்தை பெயரே பிரிக்கும். முத்து குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). கலை நூல்களால் உலகறிந்த இவர் முன்னர்க் கனிப்பொருளாய்வுத் துறையை நடாத்தியவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904இல் நம் சப்பிரகமுவத்துப் பலாங்கொடைப் பகுதியிலிருந்து கண்டெடுத்து அறிவித்தவரும் இவரே. கலையறிஞர் ஒருவர், கனிப்பொருளறிஞர் வேறொருவர் என மாணாக்கர் எண்ணிவிடாவண்ணம் இதனைக் கூறுக. இருவரை ஒருவராக்குதல் பிழையாதல்போல, ஒருவரை இருவராக்குதலும் பிழையேயாம்.

ஐந்தாவது, குடிப்பெயரோ முன்னோர் பெயரோ தனித்து நிற்க விடற்க. தோட்டத்துப் பிள்ளைகள் தொண்டமான் என்று கூறுங்கால், சௌமியமூர்த்தி தொண்டமானையோ (1913–1999), அவர் பேரர் ஆறுமுகன் தொண்டமானையோ (1964–2020) கருதுவர். புதுக்கோட்டை மன்னரும் தொண்டைமான்களே. முழுப்பெயரே தலைப்பாகுக.

ஆறாவது, தந்தை பெயரும் ஊரும் தெளியப்படாத பழையோர்க்குக் காலத்தையோ நூலையோ அடையாக்குக. புறநானூற்றில் அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி செய்த ஔவையாரும் வேறு வேறு காலத்தவர். நாயன்மாருள்ளும் திருநீலகண்டர் இருவர். தில்லையிற் குயவர் குலத்துதித்தவர் ஒருவர். எருக்கத்தம்புலியூரில் தோன்றி யாழிசைத்தவர் மற்றவர். பின்னவரைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என நம் முன்னோர் வழங்கியதே நல்ல தலைப்பாம். யாழ்ப்பாணர் என்பது ஈண்டு யாழ் வாசிக்கும் பாணரைக் குறிக்கும், நகரைக் குறியாது. இதனை மாணாக்கர்க்கு விளக்காது விடுவோமாயின், மயக்கம் நீக்க வந்த அடையே புது மயக்கம் விளைக்கும்.

இவ்வாறு பிரித்தபின் பொதுப்பெயரில் ஒரு வழிகாட்டிப் பக்கம் அமைத்து, அப்பெயருடையார் அனைவரையும் ஒவ்வொரு வரியில் நிரைப்படுத்துக. குமாரசுவாமி என்று தேடி வருவோன் மூவரையும் ஒருங்கே கண்டு தான் வேண்டியவரைத் தெரிந்துகொள்வான்.

பயிற்சி வருமாறு. மாணாக்கர் தம் தோட்டத்தில் ஒரே பெயருடைய பெரியோர் இருவரைத் தெரிந்து, அவர்தம் இசைவு பெற்று, ஒவ்வொருவரைப் பற்றியும் ஐந்து வரி எழுதித் தலைப்பிடுக. நொண்டி, கறுப்பன் என உடற்குறையும் நிறமும் பற்றி ஊரார் இட்ட அடைகளை விலக்குக. உரியவர் கேட்டு மகிழும் அடையையே கொள்க. பின்பு வகுப்பிலே தலைப்பை மட்டும் படிப்பித்து, இவர் யாவர் என்று மற்றையோரை வினவுக. கேட்டவர் தயங்காது விடை கூறுவராயின் தலைப்பு நன்று. தயங்குவராயின் அடையை மாற்றி மீண்டும் எழுதுக.