மரத்தை அளந்தறிதல்

திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் டி. கல்லுப்பட்டி. இங்கு 1940-ஆம் ஆண்டில் காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றியது. சிற்றூர்த் தொழில்களின் பொருளியலை ஆராய்ந்த அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தில் இவ்வாசிரமத்தில் தங்கினார். இயற்கை அளிக்கும் பொருளை வீணாக்காது பயன்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. மரத்தைப் பொறுத்தவரை, அக்கொள்கை அளவிலேயே தொடங்குகிறது.

இப்பகுதி உழவர் தம் நிலத்தில் வேம்பும் வாகையும் வளர்ப்பர். பல்லாண்டு காத்த மரத்தை மகள் திருமணத்திற்காக விற்கும் ஒருவர், அதன் அளவை அறியாராயின், அப்பயனை ஒரே நாளில் இழக்க நேரும்.

வெட்டிய தடியின் நடுவிடத்தில் கயிற்றைச் சுற்றி அளப்பர். அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருத்தலின், நடுவளவே பொருந்துவதாகும். அச்சுற்றளவின் காற்பங்கை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்குவர். 4 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உடைய தடி, இம்முறையில் 10 கன அடி ஆகும். எட்வர்டு ஹாப்பஸ் என்னும் ஆங்கிலேயர் இம்முறைக்குரிய வாய்பாடுகளை 1736-இல் வெளியிட்டார்.

வட்டக் கணக்கின்படி அதே தடி ஏறத்தாழ 12¾ கன அடி பெறும். எஞ்சிய 2¾ கன அடி எங்கே போயிற்று? உருண்டையைச் சதுரமாக்குங்கால் கழியும் பட்டைக்கும் பக்கச் சீவலுக்கும் அது விடப்பட்டது. ஆதலின், விலை எவ்வளவின்படி என்பதை இருவரும் முன்னரே தெளிந்துகொள்ளல் வேண்டும். தெளியாவிடின் விற்பவர் ஐந்தில் ஒரு பங்கை இழப்பார்.

இவ்வளவு முழுவதும் பலகையாகிவிடும் என்று எண்ணுதலும் பிழையே. வாள் செல்லும் வழி அரைக்கால் அங்குலமாயின், ஓரங்குலப் பலகை எட்டு அறுப்பதற்குள் ஒரு பலகைக்குரிய மரம் தூளாகும். உத்தரத்திற்கு அறுப்புக் குறைவு. ஆதலின் கழிவும் குறைவு. வளைந்த தடியை நேரான துண்டுகளாகப் பிரித்தே அளத்தல் வேண்டும். பொந்தும் வெடிப்பும் கழிக்கத்தக்கன. அகத்தே வைரம் உடையதனையே மரம் என வகுத்தார் தொல்காப்பியர். தச்சர் தேடுவதும் அவ்வைரத்தையே. வெளிப்புற வெள்ளைப் பகுதி விரைவில் உளுத்துப்போகும்.

ஒரு மரம் வளரப் பல்லாண்டு ஆகும். வீழ்த்த ஒரு நாள் போதும். அளவறிந்து அறுப்பவர், ஒரு மரத்தால் முடியும் பணிக்கு இரு மரங்களை வீழ்த்தார்.