பழைய கணிப்பொறிக்குப் புதிய இயங்குதளம்: நம் வீட்டுக்கு ஒத்துவருமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தன. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அந்நிறுவனம் அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். ஏறத்தாழ 2018க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணிப்பொறிகள் இந்தத் தகுதிக்குள் வரவில்லை.

பொட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதன் பூட்டைப் பழுது பார்ப்பார் இல்லை. அதே பொட்டியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம், வருமான வரிப் படிவம் நிரப்புகிறோம், ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். நேரு பிளேஸிலோ, லேமிங்டன் ரோடிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோடிலோ கேட்டால் "புதுசு வாங்கிடுங்க சார்" என்பார்கள். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் "லினக்ஸ் போட்டுடலாம்பா" என்று சொல்லும். இந்த இரண்டாவது யோசனை, கணிப்பொறி நுட்பம் அறியாத நம் போன்ற குடும்பங்களுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இயங்குதளம் என்பது என்ன?

கணிப்பொறியின் திரை, விசைப்பலகை, நினைவகம், பிரிண்டர் ஆகிய உறுப்புகளையும், நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. ஆப்பிள் கணிப்பொறிகளில் உள்ள மேக் ஓ.எஸ். மற்றொன்று; லினக்ஸ் மூன்றாவது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகள் அதனுடன் சேர்ந்து முழு இயங்குதளமாயின. இதை யாரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். எனவே பல குழுக்கள் தத்தம் வழியில் தொகுத்து வெளியிடுகின்றன. 2004இல் வந்த உபுண்டு, 2006இல் வந்த லினக்ஸ் மின்ட், சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் ஆகியவை அத்தகைய தொகுப்புகள்.

லினக்ஸ் நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் உள்ளே இருப்பது லினக்ஸின் மையப் பகுதியே. பாட்டிமார்கூட அதைத்தான் நாள்தோறும் இயக்குகிறார்கள்.

பயன்படுத்துவது வேறு, நிறுவுவது வேறு

"லினக்ஸ் கஷ்டம்" என்று சொல்பவர்கள் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கணிப்பொறியைத் தினமும் பயன்படுத்துவது ஒரு வேலை. அதில் இயங்குதளத்தை நிறுவி, பிரிண்டரையும் வைஃபையையும் பொருத்திக் கொடுப்பது வேறு வேலை. விண்டோஸையும் நம்மில் பலர் தாமே நிறுவியதில்லை. கடைக்காரர் நிறுவித் தந்ததையே பயன்படுத்தி வந்தோம். லினக்ஸையும் ஒருவர் நிறுவித் தந்துவிட்டால், அன்றாடப் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இராது. லினக்ஸ் மின்ட்டில் இடது கீழ் மூலையில் மெனு, அடியில் பட்டை, வலது மூலையில் கடிகாரம் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும்.

இதற்குக் கேரளம் நல்ல சான்று. அங்கு அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே நடந்து வருகிறது. கைட் என்னும் அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஒரு தொகுப்பைத் தயாரித்துத் தருகிறது. அங்குள்ள ஆசிரியர்கள் எல்லாரும் பொறியாளர்கள் அல்லர். நிறுவித் தரவும், பயிற்சி அளிக்கவும், பழுதானால் பார்க்கவும் ஓர் அமைப்பு அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது.

எதிர்ச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப அந்நகர மன்றம் தீர்மானித்தது. பிற அலுவலகங்களுடன் கோப்புகளைப் பரிமாறுவதில் எழுந்த சிக்கல், அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆகவே நம் திறமையைவிட, நாம் யாருடன் என்ன வேலை செய்கிறோம் என்பதே பெரிதும் முடிவு செய்கிறது.

யாருக்குப் பொருந்தும்?

*ஓய்வு பெற்ற பெரியவர்கள்.* செய்தித்தாள், மின்னஞ்சல், யூடியூபில் கச்சேரி, பேரக் குழந்தைகளுடன் வீடியோ பேச்சு, வங்கிக் கணக்கு: இவ்வளவும் பிரவுசருக்குள் அடங்கும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் உண்டு. வாட்ஸ்அப்பைப் பிரவுசர் வழியே திறக்கலாம். கணிப்பொறியைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவர்களுக்கே லினக்ஸ் மிக எளிதாகப் பொருந்துகிறது என்பது வியப்பாக இருக்கலாம். அவர்களுடைய தேவை எளியது என்பதே காரணம். நவம்பர் மாதத்து ஓய்வூதிய வாழ்நாள் சான்றை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். ஜீவன் பிரமாணுக்காக வீட்டில் விரல்ரேகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு அதன் கணிப்பொறி மென்பொருள் விண்டோஸுக்கு உரியது. ஆண்ட்ராய்டு தொலைபேசியில் முகம் காட்டிப் பதிவு செய்யும் வசதி இருப்பதால் இது பெரிய தடையன்று.

*பள்ளி மாணவர்கள்.* பெரும்பாலும் பொருந்தும். சி.பி.எஸ்.இ. 9, 10ஆம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் கற்பிக்கப்படும் லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் மின்ட்டுடன் சேர்ந்தே வருகிறது. பைத்தான் மொழியும் அப்படியே. ஆனால் இணையவழித் தேர்வுகளில் சிலவற்றின் கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். அத்தகைய தேர்வு முன்னால் இருந்தால், அது முடியும்வரை மாற்ற வேண்டாம்.

*வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்கள், சிறு வணிகர்கள்.* டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மின்கையொப்ப டோக்கன், அலுவலகம் கொடுத்த மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பு, ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் லினக்ஸைப் பரிந்துரைக்க முடியாது. மாற்று வழிகள் இருக்கின்றன என்று ஆர்வலர்கள் சொல்வார்கள். ஜி.எஸ்.டி. படிவம் அனுப்பும் கடைசி நாளில் அந்த வழிகளைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. இவர்கள் புதிய கணிப்பொறிக்குப் பணம் ஒதுக்குவதே நல்லது.

*ஊரில் தனியே இருக்கும் பெற்றோர்.* இங்கே யோசிக்க வேண்டியது மென்பொருளை அன்று, ஆளை. நாம் தில்லியிலோ புனேயிலோ இருக்க, தஞ்சாவூரில் அப்பாவின் கணிப்பொறி நின்றுபோனால் யார் போய்ப் பார்ப்பார்கள்? அக்கம்பக்கத்தில் விண்டோஸ் தெரிந்த பையன் கிடைப்பான். லினக்ஸ் தெரிந்தவன் கிடைப்பது அரிது. விடுமுறைக்குப் போகும்போது ஓரிரண்டு வாரம் கூட இருந்து பழக்கிவிட்டு, பிறகும் தொலைபேசியில் பொறுமையாக வழிசொல்ல ஒருவர் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் வேண்டாம்.

தமிழில் எழுதுவது

இது நமக்கே உரிய கவலை. லினக்ஸில் யூனிகோடு தமிழ் நன்றாகத் தெரியும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, பழைய தட்டச்சு முறை, ஆங்கில ஒலிப்பு முறை ஆகிய மூன்றும் ஐபஸ்-எம்17என் என்னும் தொகுப்பில் உள்ளன. அதை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். இ-கலப்பையில் தமிழ்99 பழகியவர்களின் விரல்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை.

சிக்கல் பழைய கோப்புகளில்தான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த சங்க அறிக்கைகள், அம்மாவின் சமையல் குறிப்புகள், குலதெய்வக் கோயில் வரவு செலவு போன்றவை, உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோனால் படிக்கலாம். ஆனால் அவற்றை அடிக்க உதவிய விண்டோஸ் மென்பொருள் அங்கே வராது. எனவே விண்டோஸ் இருக்கும்போதே, இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு அவற்றை யூனிகோடாக்கி, ஒரு பி.டி.எஃப். படியும் எடுத்து வையுங்கள். இயங்குதளத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரு வாரம் கணிப்பொறியில் என்னென்ன வேலை செய்கிறோம் என்று தாளில் எழுதுங்கள். விண்டோஸ் இல்லாமல் நடக்காத வேலை ஒன்று இருந்தாலும் அதற்கு வழி கண்ட பிறகே மேலே செல்லுங்கள்.

2. புகைப்படங்கள், ஆவணங்கள், சான்றிதழ்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் படியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். நிறுவும்போது "டிஸ்க்கை அழி" என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தியபின் பழையதை எதிர்பார்க்க முடியாது.

3. லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, கணிப்பொறியில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 2 ஜி.பி. நினைவகம் குறைந்தபட்சம்; 4 ஜி.பி. இருந்தால் வசதி. பென் டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மெதுவாகத்தான் இருக்கும்.

4. அந்நிலையிலேயே வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், வங்கித் தளம், தமிழ் ஆகிய ஆறையும் சோதியுங்கள். சில பழைய சிறு லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் தொல்லை கொடுக்கும். இப்போது ஓடாதது நிறுவிய பின் தானாக ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம்.

5. நிறுவியபின் கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். புதுப்பித்தலுக்கான கேடயச் சின்னம் அழைத்தால் மறுக்காதீர்கள். டைம்ஷிப்ட் என்னும் கருவியை முடுக்கி வைத்தால், இயங்குதளத்தில் கோளாறு வரும்போது முந்தைய நிலைக்குத் திரும்பலாம். நம் ஆவணங்களுக்கு அது காப்பு ஆகாது. அவற்றைத் தனியே படியெடுத்துவர வேண்டும்.

பிரவுசரைத் தவிர வேறெதுவும் வேண்டாதவர்களுக்குக் கூகுள் 2022இல் வெளியிட்ட குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் இன்னும் எளிது. ஆனால் அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் வாரா. இணையம் இல்லாதபோது பயனும் குறைவு.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்த இயங்குதளமும் தொலைபேசி மோசடியிலிருந்து நம்மைக் காக்காது. போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி ஓ.டி.பி. கேட்பவனிடம் அதைச் சொல்லிவிட்டால், விண்டோஸானாலும் லினக்ஸானாலும் பணம் போனது போனதுதான்.

சுருங்கச் சொன்னால், எளிய தேவையும் உதவ ஓர் ஆளும் இருக்கும் வீட்டுக்கு லினக்ஸ் ஒத்துவரும். பல ஆயிரம் ரூபாய்ச் செலவும் மிச்சமாகும். விண்டோஸுக்கே உரிய ஒரு மென்பொருளை நம்பி வருமானம் நடக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.