துவாவா, ஜெபாட்டா? விசுவாசம் பற்றி ஒரு பாடம்

இந்த மாதப் பாடம் விசுவாசம். வேலையிடத்தில் முதலாளிக்கும் சக ஊழியருக்கும் காட்டும் விசுவாசம், வெளியே கூட்டாளிக்குக் காட்டும் விசுவாசம் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். ரெண்டும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் நமக்குச் சிக்கல் வருது.

மலாக்காவில் இருந்துகொண்டு இந்தத் தலைப்பைப் பேசினால் ஹாங் துவாவையும் ஹாங் ஜெபாட்டையும் தாண்டிப் போக முடியாது. மலாய் மொழிப் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் நாம் எல்லாரும் படித்த கதைதான். ஆனா பரீட்சைக்குப் படித்ததை இப்போ வாழ்க்கைக்காக ஒரு தடவை படிச்சுப் பார்ப்போம்.

கதைச் சுருக்கம்

ஹாங் துவா சுல்தானின் தளபதி. அவன்மேல் பொறாமை கொண்டவர்கள், அரண்மனைப் பெண்ணோடு அவனுக்குத் தொடர்பு இருப்பதாகக் கோள் சொல்கிறார்கள். சுல்தான் விசாரிக்காமலே மரண தண்டனை கொடுக்கிறார். தண்டனையை நிறைவேற்ற வேண்டிய பெண்டஹாரா துவாவைக் கொல்லாமல் ஒளித்து வைக்கிறார். நண்பன் செத்துவிட்டான் என்று நம்பிய ஜெபாட், துவாவின் பதவியும் தாமிங் சாரி கெரிஸும் தன் கைக்கு வந்த பிறகு, சுல்தானுக்கு எதிராக அரண்மனையைக் கைப்பற்றுகிறான். அவனை அடக்க ஆளில்லாமல் சுல்தான் வருந்தும்போது, துவா உயிரோடு இருப்பதைப் பெண்டஹாரா சொல்கிறார். துவா வருகிறான், தனக்காகக் கிளர்ந்த நண்பனையே குத்திக் கொல்கிறான்.

இது ஹிக்காயாட் ஹாங் துவா சொல்லும் கதை. செஜாரா மெலாயுவில் துவாவின் கையால் இறப்பவன் ஹாங் கஸ்தூரி. பெயர் மாறினாலும் கேள்வி அதேதான்.

நெடுங்காலம் துவாதான் விசுவாசத்தின் இலக்கணமாகப் போற்றப்பட்டான். 1961-இல் வந்த 'ஹாங் ஜெபாட்' திரைப்படம் மறுபக்கத்தைக் காட்டியது. 1964-இல் காசிம் அகமது தம் ஆய்வு நூலில் ஜெபாட்டையே நாயகனாக வைத்தார். சுதந்திரம் பெற்ற நாட்டில், தலைமை தவறு செய்தாலும் தலைகுனிவதா என்ற கேள்வி எழுந்தது நியாயம்தானே?

ரெண்டு பேரிடமும் என்ன குறை?

துவா உத்தரவைக் கேட்டான். அந்த உத்தரவு நியாயமா என்று கேட்கவில்லை. ஜெபாட் அநியாயத்தைக் கண்டு கொதித்தான், அது நல்லதுதான். ஆனால் காயம்பட்ட பிறகு ஊருக்குள் இறங்கி, சம்பந்தமே இல்லாத மக்களை வெட்டிச் சாய்த்தான் என்கிறது ஹிக்காயாட். நண்பனுக்காக எழுந்த கோபத்துக்கு யார் யாரோ விலை கொடுத்தார்கள்.

நாம் அதிகம் பேசாத மூன்றாவது ஆள் பெண்டஹாரா. அவர் சுல்தானின் உத்தரவை மீறினார். ஆனா சுல்தானைக் கவிழ்க்கவில்லை. தனக்காக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் அநியாயக் கொலையிலிருந்து துவாவின் உயிரையும், சுல்தானின் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றினார். காலம் வந்ததும் உண்மையைச் சொல்லி, தான் செய்ததற்குப் பொறுப்பேற்றார். இந்தக் கதையில் அதிக விசுவாசமானவர் யார் என்று கேட்டால், என் ஓட்டு அவருக்குத்தான். அவருடைய வழியிலும் ஒரு விலை இருந்தது: உண்மை தெரியாததால்தான் ஜெபாட் அந்த எல்லைக்குப் போனான். ரகசியம் சில நேரம் உயிரைக் காக்கும், சில நேரம் நட்பைக் கொல்லும்.

நம் இதிகாசங்கள் என்ன சொல்கின்றன?

இதே கேள்வியை ராமாயணமும் மகாபாரதமும் பல பாத்திரங்களை வைத்துக் கேட்கின்றன.

கும்பகர்ணன் அண்ணனிடம் சபையிலேயே தவறைச் சுட்டிக்காட்டினான். பிறகு அண்ணனுக்காகப் போரிட்டு மடிந்தான். விபீஷணனும் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். அவமானப்படுத்தப்பட்ட பிறகு நேராக வெளியேறினான். ராவணனிடம் சோறு தின்றுகொண்டே ராமனுக்கு ரகசியம் அனுப்பவில்லை. இருந்தவனும் சரி, போனவனும் சரி, முதலில் செய்தது ஒன்றே: முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னது.

கர்ணனைப் பாருங்க. ஊரே கேலி செய்தபோது துரியோதனன் அவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தான். அந்த நன்றியை உயிர் போகும்வரை மறக்கவில்லை. அதற்காக அவனை வணங்கலாம். ஆனால் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது அவன் துரியோதனனைத் தடுக்கவில்லை, தானும் சேர்ந்து இழிவாகப் பேசினான். அதே சபையில் பீஷ்மரும் தெளிவான பதில் சொல்ல முடியாமல் நின்றார். எழுந்து தடுக்கப் பார்த்த விதுரரின் பேச்சை யாரும் கேட்கவில்லை. செஞ்சோற்றுக் கடன் பெரியதுதான். ஆனா அந்தக் கடனைக் கட்ட அடுத்தவரின் மானத்தை எடுத்துக் கொடுக்க முடியாது.

வள்ளுவரும் இங்கேதான் கோடு போடுகிறார். சேர்ந்து சிரிப்பதற்கு மட்டும் நட்பு இல்லை, எல்லை மீறும்போது முந்திக்கொண்டு இடித்துச் சொல்வதற்கே நட்பு என்பது அவர் கருத்து. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், பகைவன் இல்லாமலே கெடுவான் என்றும் சொல்கிறார். நண்பனுக்கும் முதலாளிக்கும் ஒரே மருந்து!

தோட்டத்தில் விசுவாசத்துக்கு இருந்த விலை

1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். பால்மரம் பரவப் பரவ நம் முன்னோர்களைக் கங்காணிகள் ஊரிலிருந்து அழைத்து வந்தார்கள். சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். கங்காணிக்கோ, தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்கும் தலைக்காசு கிடைத்தது. அதாவது, தொழிலாளி காட்டிய விசுவாசம் வேறொருவர் கணக்கில் வரவானது. எல்லாக் கங்காணியும் கெட்டவர் என்று சொல்லவில்லை. லயத்தில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றவர்களும் உண்டு. ஆனா அந்த ஏற்பாடு ஒருபக்கமாகத்தான் சாய்ந்தது. உதவி பெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938-இல் தடை செய்ததோடு அந்த முறை முடிவுக்கு வந்தது.

பிறகு விசுவாசம் பக்கவாட்டில் திரும்பியது: தொழிலாளி தொழிலாளிக்கு. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடும் வேலையும் போனபோது, 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். 1967-இல் நம் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கையைச் சொல்லக் கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். பக்கத்தில் நடப்பவன் பாதியில் திரும்ப மாட்டான் என்ற நம்பிக்கை இல்லாமல் அவ்வளவு தூரம் யாரும் நடக்க முடியாது. விசுவாசம்னா அதுதான்.

இன்றைய வேலையிடம்

நம்மில் பலர் இப்போது பத்து பெரெண்டாம், ஆயர் கெரோ தொழிற்சாலைகளில் வேலை செய்கிறோம் அல்லது பயிற்சிக்குப் போகிறோம். பொறியியல் மாணவர்களுக்கு ஒரு பாடத்தை அடிக்கடி சொல்வார்கள்: சேலஞ்சர் விண்கலம்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை கடுங்குளிர் என்று தெரிந்ததும், ராக்கெட் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஷோலியும் சகாக்களும் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போகும் என்பது அவர்கள் பயம். நிர்வாகம் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மனம் மாறியது. கையெழுத்துப் போட வேண்டிய ஆலன் மெக்டொனால்டு மறுத்துவிட்டார். மேலதிகாரி ஒருவர் போட்டார். கிளம்பிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் உண்மையைச் சொன்ன மெக்டொனால்டு பதவி இறக்கப்பட்டார்; நாடாளுமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் அந்த இணைப்பைத் திருத்தி அமைக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது. அன்றிரவு நிறுவனத்துக்கு விசுவாசமாக இருந்தவர் யார்? கையெழுத்துப் போட்டவரா, மறுத்தவரா?

மலேசியாவில் பதிவு பெற்ற பொறியாளரின் நடத்தை விதியும் பொதுமக்களின் பாதுகாப்பு, சுகாதாரம், நலனுக்கே முதலிடம் தருகிறது. முதலாளி அதற்குப் பிறகுதான்.

அதுக்காக, எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்கணும் என்று அர்த்தமில்லை. அன்றாட விசுவாசம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. நேரத்துக்கு வருவது. நிறுவன ரகசியத்தைச் சாப்பாட்டுக் கடையில் பேசாமலிருப்பது. சக ஊழியன் இல்லாதபோது அவனைப் பற்றிக் கோள் சொல்லாமலிருப்பது. துவாவைக் கொல்லப் பார்த்ததும் கோள்தானே! வேறு வேலை கிடைத்தால் சொல்லாமல் ஓடாமல் முறைப்படி நோட்டீஸ் கொடுப்பது. ஒப்பந்தத்தில் வேறு குறிப்பு இல்லையென்றால், 1955 வேலைச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். இது ரெண்டு தரப்புக்கும் பொருந்தும்.

உண்மையிலேயே ஊழலோ ஆபத்தோ தெரிந்தால்? முதலில் மேலாளரிடம் எழுத்துமூலம் சொல்லுங்க. கேட்கவில்லையென்றால் அமலாக்க நிறுவனத்திடம் போங்க. தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010 காப்பது அப்படிப்பட்ட புகாரைத்தான். முகநூலில் கொட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கூட்டாளி கேட்கும்போது

"மச்சான், ஒரு வாரத்துக்கு உன் ஏடிஎம் கார்டு மட்டும் கொடு. என் கணக்குல பிரச்சினை."

"நீ நம்ம ஆளா இல்லையா? இன்னைக்கு ராத்திரி வா, சும்மா பக்கத்துல நின்னா போதும்."

இந்த ரெண்டு வாக்கியத்தால் வாழ்க்கையைத் தொலைத்த நம் பையன்கள் உண்டு. முதலாவதன் பெயர் கழுதைக் கணக்கு. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழையுங்க. ரெண்டாவது குண்டர் கும்பலின் வாசல். 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, நம் சமூகத்துக்கு அது எவ்வளவு வலித்தது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. அந்தக் கும்பல்களில் அதிகம் உச்சரிக்கப்படும் வார்த்தையும் விசுவாசம்தான். அப்பா இல்லாத, வேலை கிடைக்காத பையனுக்கு "நாங்க இருக்கோம்" என்று முதலில் சொல்பவர்கள் அவர்களாக இருந்தால் அவன் போகத்தான் செய்வான். அதை நாம் முதலில் சொல்ல வேண்டாமா? கோயில் வேலையில், பந்து விளையாட்டில், டியூஷன் வகுப்பில் அவனுக்கு ஓர் இடம் கொடுப்பதும் விசுவாசமே.

மூன்று சோதனைகள்

ஒருவர் உங்களிடம் விசுவாசம் கேட்கும்போது இதைப் பாருங்க:

1. நான் செய்யப்போவதை அம்மா முன்னாலும் சாமி முன்னாலும் நின்று சொல்ல முடியுமா?
2. இதில் சம்பந்தமே இல்லாத யாராவது விலை கொடுக்கப்போகிறார்களா?
3. "வேண்டாம்" என்று நான் சொன்ன பிறகும் இவர் எனக்கு நண்பராக, மேலாளராக மரியாதையோடு இருப்பாரா?

மூன்றாவதுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அவர் கேட்டது விசுவாசம் இல்லை, அடிமை.

கலந்துரையாடலுக்கு

வட்டார வகுப்பில் குழுவாகப் பேசுங்க:

• பெண்டஹாரா ஜெபாட்டிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?
• கும்பகர்ணன், விபீஷணன், விதுரர்: உங்கள் வேலையிடத்தில் யாருடைய வழி பொருந்தும்? ஏன்?
• கடைசியாக ஒரு கூட்டாளி உங்களை இடித்துச் சொன்னது எப்போது? அவருக்கு இந்த வாரமே ஒரு நன்றி சொல்லுங்க.