கணவாய் – கடல் தந்த சத்துணவு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

வயிறு நிறைவது வேறு. உடலுக்கு வேண்டிய சத்துக் கிடைப்பது வேறு. நம்மில் பலருக்கு மூன்று வேளையும் சோறு கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தச் சோற்றுடன் சேரவேண்டிய புரதமும் இரும்பும் போதிய அளவில் கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்க விலை உயர்ந்த சத்து மாவுகளைத் தேடுவதற்கு முன், நம் கரையில் நாள்தோறும் வந்து இறங்கும் உணவுப் பொருள்களைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம். அவற்றுள் ஒன்றுதான் கணவாய். அதன் உடலமைப்பு, அதில் அடங்கியுள்ள சத்துகள், அதைப் பக்குவமாகச் சமைக்கும் முறை ஆகியவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரால் மீன், பிறப்பால் மெல்லுடலி

கணவாய் மீன் என்று நாம் வழங்கினாலும் அது மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. மீனுக்குரிய முதுகெலும்பும் செதிலும் இதற்கு இல்லை. நத்தை, சிப்பி, சங்கு ஆகியவை அடங்கிய மெல்லுடலிகள் தொகுதியில், தலைக்காலிகள் என்னும் வகுப்பைச் சேர்ந்தது இது. தலையிலிருந்தே கைகள் முளைத்திருப்பதால் இப்பெயர் வந்தது.

மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள எங்கள் ஊரில் இதன் வகைகளைச் சிறு பிள்ளையும் பிரித்துச் சொல்லும். உள்ளே வெள்ளை ஓடு இருந்தால் ஓட்டுக் கணவாய்; உடல் நீண்டு ஒடுங்கியிருந்தால் ஊசிக் கணவாய்; எட்டுக் கைகளுடன் பாறை இடுக்கில் பதுங்குவது பேய்க்கணவாய். சென்னைப் பக்கத்து மீன் அங்காடிகளில் கடம்பா என்னும் பெயர் வழங்குகிறது. இக்கட்டுரை ஓட்டுக் கணவாயைப் பற்றியது. நம் கடலில் கிடைக்கும் இவ்வகையில் செபியா பாரோனிஸ், செபியா அக்குலியேட்டா, செபியெல்லா இனெர்மிஸ் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் பெரியது செபியா பாரோனிஸ். அதன் உடல் மட்டுமே 40 சென்டிமீட்டர் வரை வளரும்.

நம் விலங்கியல் துறையின் காட்சி அறையில் பார்மலின் குப்பி ஒன்றில் 'செபியா' என்னும் சீட்டுடன் ஓர் உயிரி இருப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். முதலாண்டில் அதை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். என் அம்மா நாள்தோறும் கிலோ கணக்கில் சுத்தம் செய்யும் கணவாய்தான் அது என்பதை அன்று அறிந்தேன். பாகங்களின் இலத்தீன் பெயர்கள்தாம் எனக்குப் புதியவை, பாகங்கள் பழகியவை.

உடலமைப்பில் சில விந்தைகள்

கணவாய்க்கு எட்டுக் குறுங்கைகளும், இரையை எட்டிப் பிடிக்க இரண்டு நீண்ட கைகளும் உண்டு. இதயங்கள் மூன்று. அவற்றுள் இரண்டு செவுள்களுக்கும் ஒன்று உடலின் மற்றப் பகுதிகளுக்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றன. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு அடங்கிய ஹீமோகுளோபின். கணவாயின் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்வது செம்பு அடங்கிய ஹீமோசயனின். ஆகவே அதன் இரத்தம் நீல நிறமுடையது.

தோலில் உள்ள நிறப்பைகளைச் சுருக்கியும் விரித்தும் கணப்பொழுதில் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும். பகை நெருங்கினால் மையைப் பீய்ச்சிவிட்டுத் தப்பும். இந்த மையைக் கொண்டு ஒரு காலத்தில் ஐரோப்பியர் எழுதினர், படம் வரைந்தனர். பழைய நிழற்படங்களின் பழுப்பு நிறத்துக்குச் 'செபியா' என்று பெயர் வந்தது இதனால்தான்.

உள்ளே இருக்கும் ஓடு சுண்ணாம்புப் பொருளால் ஆனது. நுண்ணிய அறைகள் பல கொண்ட அந்த ஓட்டில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மிதக்கிறது. கரையொதுங்கும் இவ்வோட்டையே சித்த மருத்துவர்கள் கடல் நுரை என்பர். கூண்டுக்கிளி கொத்துவதற்கும் இதை வைப்பதுண்டு.

சத்துகளின் கணக்கு

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராம் கணவாய்ச் சதையில் உள்ள முக்கியச் சத்துகள் ஏறத்தாழ வருமாறு:

ஆற்றல் – 79 கலோரி
புரதம் – 16 கிராம்
கொழுப்பு – 0.7 கிராம்
இரும்பு – 6 மில்லிகிராம்
சுண்ணாம்புச் சத்து – 90 மில்லிகிராம்
செலினியம் – 45 மைக்ரோகிராம்
வைட்டமின் பி12 – 3 மைக்ரோகிராம்
கொலஸ்ட்ரால் – 112 மில்லிகிராம்

இனத்தையும் பருவத்தையும் பொறுத்து இவ்வளவுகள் கூடலாம்; குறையலாம். எனினும் பொதுவான உண்மை தெளிவாகவே உள்ளது. ஒரு கோழி முட்டையில் உள்ள புரதம் ஏறத்தாழ 6 கிராம். எனவே 100 கிராம் கணவாய் இரண்டரை முட்டைகளுக்கு ஈடான புரதம் தருகிறது. கொழுப்போ ஒரு கிராமுக்கும் குறைவு. நாளொன்றுக்கு வேண்டிய பி12 முழுவதும் இதில் கிடைத்துவிடும். தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காத வைட்டமின் இது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கொலஸ்ட்ரால் உள்ளதே என்று சிலர் அஞ்சலாம். ஒரு முட்டையில் இருப்பதைவிட இது குறைவே. மேலும், இரத்தக் கொலஸ்ட்ராலை மிகுதியும் உயர்த்துவது உணவிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு. அது கணவாயில் மிகச் சொற்பம். நாம் ஊற்றும் எண்ணெயில்தான் கவனம் வேண்டும்.

இரும்பும் நம் வீட்டுப் பெண்களும்

2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் இது நூற்றுக்கு 53 பேர். வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. ஆணுக்கு 19 மில்லிகிராம் போதும். ஆனால் நம் வீடுகளில் மீன் துண்டு முதலில் போய்ச் சேருவது ஆண்களின் தட்டுக்குத்தான்.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. என் அம்மா கணவாய் சுத்தம் செய்யும் கூடத்தில் கூலிக்கு வேலை செய்கிறார். விடியற்காலை தொடங்கி, பனிக்கட்டி நீரில் கைகளை வைத்தபடி ஓட்டையும் குடலையும் தோலையும் நீக்குவது வேலை. சென்ற ஆண்டு எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் அவருடைய ஹீமோகுளோபின் 9.2 கிராம் என்று தெரிந்தது. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்கவேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின் மேல் பழி போட்டுக் காலம் தள்ளியிருக்கிறார். கணவாய் வாங்கிச் சமைக்கலாமே என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் கம்பெனிக்குப் போற சரக்குடி, நமக்கு எதுக்கு?" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. உறைய வைத்த கணவாய் நம் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதியில் முக்கிய இடம் பெற்றது. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகள் அதை விரும்பி வாங்குகின்றன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருவது நல்லதே. ஆனால் அதைத் தொட்டுச் சுத்தம் செய்யும் கைகளில் இரத்தம் இல்லை என்பது எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய, முழுக் கணவாய்க்குத்தான் விலை அதிகம். தலை, கைகள், வலையில் கிழிந்தவை ஆகியவை எங்கள் கரையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவையும் அதே தசைதான்; புரதம் கிழிந்துபோவதில்லை. இப்போது எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை அவற்றை வாங்குகிறோம். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையையும் அம்மா விடாமல் உட்கொண்டார். ஆறு மாதத்தில் 10.8 கிராம் ஆயிற்று. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரத்தசோகைக்கு மருந்து மருத்துவர் தருவதே. உணவு அதற்குத் துணை.

100 கிராம் கணவாயில் உள்ள 6 மில்லிகிராம் இரும்பு, பெண்களின் ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் முழுமையாக உடலில் சேராது. தக்காளி, எலுமிச்சை முதலியவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பு சேர்வதற்கு உதவும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஆகவே தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நன்று.

சமையலில் உள்ள அறிவியல்

"கணவாய் ரப்பர் போல இருக்கும்" என்பது விடுதி நண்பர்கள் பலரின் குறை. குறை கணவாயிடம் இல்லை. அடுப்பில் வைக்கும் நேரத்தில் உள்ளது. கணவாயின் தசைநார்கள் நெருக்கமாகப் பின்னியவை. அவற்றைக் கொல்லாஜென் என்னும் உறுதியான இணைப்புப் பொருள் பொதிந்துள்ளது. சூடு பட்டதும் நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன, சதை இறுகுகிறது. தொடர்ந்து நெடுநேரம் வெந்தால் கொல்லாஜென் இளகிப் பசைப் பொருளாக மாறுகிறது. சதை மீண்டும் மென்மையாகிறது. எனவே வழி இரண்டே: மூன்று நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும்; அல்லது முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். இடையில் பத்து, இருபது நிமிடத்தில் இறக்கினால்தான் ரப்பர்.

கவிச்சி வாடைக்கும் காரணம் உண்டு. கடல் உயிர்கள் இறந்தபின் தோன்றும் டிரைமீத்தைல் அமீன் என்னும் காரப் பொருளே அது. புளியும் எலுமிச்சையும் அமிலங்கள். அமிலம் சேர்ந்தால் அந்தப் பொருள் ஆவியாகாமல் அடங்கிவிடும். மீன் குழம்புக்குப் புளி கூட்டிய நம் பாட்டிமார் வேதியியல் படிக்கவில்லை, பயனை அறிந்திருந்தனர்.

வாங்குதலும் சுத்தம் செய்தலும்

புதிய கணவாயின் சதை வெண்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். தோலின் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழையது என்று கொள்க. முதுகுப் பக்கம் நீளவாக்கில் கீறி ஓட்டை எடுக்கவேண்டும். மைப்பையை உடையாமல் நீக்கவேண்டும். உடைந்தாலும் நஞ்சில்லை, கழுவிவிடலாம். கண்களையும் கைகளின் நடுவே உள்ள கிளிமூக்குப் போன்ற அலகையும் அகற்றி, தோலை உரிக்கவேண்டும். குடல் பகுதியை ஒருபோதும் சமைக்கலாகாது. காட்மியம் என்னும் தீங்கான உலோகம் தங்குவது அங்குள்ள செரிமானச் சுரப்பியில்தான்.

செய்முறை

1. மிளகு வறுவல்: சுத்தம் செய்த கணவாய் அரைக் கிலோவை மெல்லிய துண்டுகளாக்கி, ஈரம் போகத் துணியால் ஒற்றிக்கொள்ளவும். இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி எடுத்து வைக்கவும். சட்டி நன்கு காய்ந்ததும், சிட்டிகை மஞ்சள் தூவிய கணவாயைச் சிறிது சிறிதாகப் போட்டு, எரியும் தீயில் இரண்டு நிமிடம் புரட்டவும். வதக்கியதையும், பொடித்த மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டியையும் சேர்த்து ஒரு கிளறு கிளறி இறக்கவும். கணவாயிலேயே உப்புச் சுவை இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துச் சேர்க்கவும். எலுமிச்சைச் சாறு பிழிந்து பரிமாறலாம்.

2. குழம்பு: வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்து, கணவாயைப் போட்டு மூழ்கும் அளவு நீர் விடவும். மூடி வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடவும். குக்கரானால் நான்கு விசில் போதும். பின்னர்ப் புளிக்கரைசல் சேர்த்து, பத்து நிமிடம் கொதித்ததும் தேங்காய் அரைத்து ஊற்றி இறக்கவும். தலைக்கும் கைகளுக்கும் இம்முறையே ஏற்றது.

பல வீடுகளில் கணவாயை முதலில் மஞ்சள் நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். பி12 முதலிய சத்துகள் நீரில் கரைபவை. கொட்டும் நீரோடு அவையும் போய்விடும். அந்த நீரையே குழம்புக்குப் பயன்படுத்தவேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

இறால், நண்டு உண்டால் உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ வருபவர்களுக்குக் கணவாயும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது.

முடிவுரை

சத்துணவு என்பது தகர டப்பாவில் வருவது என்னும் எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. நம் கரையில் கிடைப்பதன் மதிப்பை அயல்நாட்டார் அறிந்த அளவுக்கு நாம் அறிய வேண்டாமா? நம் விடுதி உணவுப் பட்டியலில் மாதம் இருமுறையேனும் கணவாய்க் குழம்பு இடம்பெறலாம்; விலை குறைந்த தலையும் கைகளுமே அதற்குப் போதும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இரத்தப் பரிசோதனையோடு இத்தகைய உணவுகளைப் பற்றியும் எடுத்துச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் கணவாய் சமைக்கும் நாளில், சமைத்தவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு நாம் உண்ண உட்காருவோமாக.