குட்டி யானையின் பழைய பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தே இரண்டு முறை படித்தேன். விக்கிரவாண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் குட்டி யானை எனும் சின்ன லோடு வண்டியை வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு கதவிலும் அவருடைய கடைப் பெயரும் கைபேசி எண்ணும். கேபின் நெற்றியில் ஒரு பூப்பட்டை. பின்கதவில் 2024 ஜூலை இடைத்தேர்தலில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சின்னம். கதவில் உள்ள எண்ணைப் பார்த்து லோடு கேட்பவர்கள் இன்னும் அவரையே கூப்பிடுகிறார்கள், எனக்கு வர வேண்டிய வாடகை போகிறது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். நண்பர் சொன்னபடி பிளேடால் சுரண்டித் தின்னரால் துடைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். தின்னர் டப்பாவை மூடி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். முதலில் தூரிகை பிடித்தும் பிறகு கட்டிங் மெஷின் வைத்தும் வண்டிகளுக்குப் பெயர் எழுதியவன் நான். ஒட்டியதைவிட உரித்ததில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் போகும்போது எத்தனையோ லோடு வண்டிகளின் கதவில் பிளேடு கீறிய தழும்பையும், அந்தக் கீறல் வழியே ஏறிய துருவையும் பார்க்கிறேன். அரை மணி நேர அவசரம் செய்த வேலை அது. அதனால்தான் உங்களுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் என்று நாம் சொல்வது பி.வி.சி. பிளாஸ்டிக். இயல்பில் அது விறைப்பானது. வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் அந்தப் பொருள் கசிந்து போய்விடும். மிஞ்சுவது அப்பளம், நகம் பட்டதும் நொறுங்கும். மலிவான ஸ்டிக்கரை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்கிறார்கள். இழுபட்டது நாளாக நாளாகத் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கர் சுருங்கியதால் வெளியே வந்த பசையில் தூசு ஒட்டி உண்டான கோடு அது. உங்கள் வண்டியில் நெற்றிப் பட்டைதான் அதிக வெயில் வாங்கியிருக்கும், அதைக் கடைசிக்கு வையுங்கள். பின்கதவில் தொடங்குங்கள். அந்தச் சின்னத்துக்கு வயது குறைவு, உங்கள் கை பழகுவதற்கு ஏற்றது. கோயம்பேட்டுக்கு லோடு போகப் போகிறீர்கள் என்பதாலும் அது முதலில் போவது நல்லது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இப்படிப்பட்ட அடையாள ஸ்டிக்கர்களுக்கு 2024 மே 2 முதல் அபராதம் போடத் தொடங்கியது.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவுங்கள். மணல் துகள் இருந்தால் நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் பெயிண்டைக் கீறும். அடுத்து ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே பட்டி பார்த்து மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். கம்பெனிப் பெயிண்ட் 140 டிகிரி அளவு சூட்டில் வெந்து இறுகியது, ஸ்டிக்கரோடு வராது. பட்டறைப் பெயிண்ட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. வேகமாக இழுத்தால் பெயிண்டும் பட்டியும் சேர்ந்து உரிந்து கையோடு வரும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு பொறுமை வேண்டும்.

இனிச் சூடு. இந்த வேலையின் உயிரே அதுதான். குளிர்ந்திருந்தால் படலம் உடையும். மிதமான சூட்டில் படலமும் இளகும், பசையும் படலத்தோடு சேர்ந்து எழும்பும். சூடு மிஞ்சினால் பசை பாகாகி நடுவே பிளந்து பாதி வண்டியிலேயே தங்கிவிடும். பலர் ஹீட் கன்னைக் கையில் எடுத்ததும் சூடு ஏற ஏற வேலை சுலபம் என்று நினைக்கிறார்கள். நமக்கு வேண்டியது 50, 60 டிகிரி. அந்தக் கருவியோ 500 டிகிரிக்கு மேலும் போகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயிண்ட் கொப்புளிக்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கோலமாவு தூவுவதுபோல் கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் ஹேர் டிரையர் இருந்தால் உங்களைப் போல் புதிதாகச் செய்பவருக்கு அதுவே போதும். சூடு சரியா என்று அறிய உள்ளங்கையை வையுங்கள்: சுட வேண்டும், ஆனாலும் நாலைந்து நொடி தாங்க வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் நிற்கும் வண்டியில் கை வைக்கவே முடியாது, அப்போது செய்யாதீர்கள். காலை ஒன்பது மணி வெயில் இதற்கென்றே வந்ததுபோல் இருக்கும்.

ஒரு ஓரத்தைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் கிளப்புங்கள். காலாவதியான ஏடிஎம் கார்டும் உதவும். கிளம்பிய முனையை உங்களை நோக்கி நிமிர்த்தி இழுக்காமல், ஸ்டிக்கரின் மேலேயே மடித்துப் படுக்கவைத்து, மெல்ல இழுங்கள். ஒரு கை இழுக்க, மறு கை சூடு காட்ட, பிரியும் கோட்டிலேயே கண் இருக்கட்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் பசை கல்லைப்போல் எதிர்க்கும், மெதுவாக இழுத்தால் இணங்கி வரும். ஒரு கதவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மிச்சமிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பனியன் துணியால் உருட்டி எடுங்கள். பிடிவாதம் பிடிக்கும் இடத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன், பிறகு உடனே சோப்புத் தண்ணீர். தின்னர் பட்டறைப் பெயிண்டைக் கரைக்கும். ஹெட்லைட் பிளாஸ்டிக்கில் பட்டால் மயிரிழை வெடிப்பு விடும். இவற்றில் எதைத் தொட்ட பிறகும் ஹீட் கன்னைத் தொடாதீர்கள். சூட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய் வேலை. ஆவியில் தீப்பிடித்தால் வண்டியோடு உங்கள் முகமும் போகும், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உரித்த குப்பையையும் போகிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பி.வி.சி.யில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் நெஞ்சை அரிக்கும் அமிலப் புகை வரும்.

கண்ணாடிக்குப் பிளேடு பிடிக்கலாம், சோப்புத் தண்ணீர் நிறைய விட்டு. அதிலும் ஒரு எச்சரிக்கை, என் தவறிலிருந்து. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் கூடாது என்று தீர்ப்பளித்ததும் கடை வாசலில் கார்கள் வரிசை கட்டின. அந்த அவசரத்தில் ஒரு காரின் பின்கண்ணாடியில் பிளேடு போட்டேன். உள்பக்கம் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருந்ததைக் கவனிக்கவில்லை, நான்கு கோடு அறுந்துவிட்டது. கண்ணாடியின் விலையைக் கொடுத்தேன். அந்தக் காரின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையை ஒட்டி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால், படலம் பசையோடு தானாகக் கழன்று வரும் என்று கற்றேன்.

உரிக்கக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்கும் பட்டை சட்டப்படி இருக்க வேண்டியது. நாம் அதை ரேடியம் என்கிறோம். அதில் ரேடியம் துளியும் இல்லை, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பும் கண்ணாடி மணிகளோ நுண்பட்டகங்களோதான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் தகுதிச் சான்றான எஃப்.சி. கிடைக்காது, அதைவிட, இரவில் ஓரமாக நிற்கும் உங்கள் வண்டி பின்னால் வருபவருக்குத் தெரியாது. இடப்பக்கம் எழுதியுள்ள எடை விவரங்களை அழித்தால் மறுபடி எழுதிவிடுங்கள். ஃபாஸ்டேக் பெரியவர் பெயரில் இருக்கும். அவர் கணக்கை முடித்த பிறகு அதை எடுத்துவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள், இல்லையென்றால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் அவர் பணம் கழியும்.

எல்லாம் முடிந்தாலும் கதவில் பழைய பெயர் நிழலாகத் தெரியும். ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாத பெயிண்ட் அப்படியே இருக்க, சுற்றிலும் வெளுத்துப்போனதால் வருவது அது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தால் பெருமளவு குறையும், முழுதும் போகாது. 1997இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தபோது, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் பெயர் மாறியது. பேருந்துகளில் புதுப் பெயிண்ட்டுக்கு அடியில் சாய்வெயில் விழும்போது பழைய எழுத்தின் மேடு தெரியும். எழுத்து வேலை கற்றுக்கொண்டிருந்த நான் அதை நின்று வாசித்திருக்கிறேன். உங்கள் கதவின் நிழலும் சில கோடைகளில் கரையும்.

கடைசியாக, முன்கண்ணாடி மூலையில் பெரியவரின் மகள் பெயர் இருப்பதாகவும், சாவியைக் கொடுக்கும்போது அவர் அதை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிளேடு போடாதீர்கள். ஸ்டிக்கர் கடையில் கேட்டால் மெழுகுத் தாள் கொடுப்பார்கள். ஹேர் டிரையரை வெளிப்பக்கமிருந்து காட்டி, எழுத்து எழுத்தாகக் கிழியாமல் பிரித்து, அந்தத் தாளில் படியவைத்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
திண்டிவனம்